புளியங்கொட்டைக் கடிவாளம்

பாளையங்கோட்டையில் தேவசிகாமணியை முகம் பார்த்து அறிந்தவர்கள் குறைவு. அவர் வேலையை வாய்க்குள் சுமந்தவர்கள் அதிகம். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அந்த அச்சை வைத்துப் பல் செட் செய்து கொடுப்பவர் தேவசிகாமணி போன்ற மெக்கானிக். செட்டை மாட்டிக்கொண்டு சீடை கடிக்கிறவர் டாக்டரைத்தான் வாழ்த்துவார். மெக்கானிக் என்று ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது. இதைப் பற்றித் தேவசிகாமணிக்கு வருத்தம் இருந்ததில்லை. வேறொரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

1964 ஜூலை 6, திங்கட்கிழமை, சொந்தப் பட்டறையில் முதல் செட்டை முடித்தபோது, அதன் ஓரத்தில் ஊசி போன்ற கருவியால் 1 என்று பொறித்தார். அடுத்ததில் 2. அன்று முதல் அவர் கையை விட்டுப் போன எதுவும் எண் இல்லாமல் போனதில்லை. யாருக்கு, எந்த டாக்டர் வழியாக, மேல் வரிசையா கீழ் வரிசையா, எத்தனை முறை தேய்த்துச் சரிசெய்தது என்பதெல்லாம் ஒன்பது நீளப் பதிவேடுகளில் இருந்தன. 1979-இல் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் குறுக்குத்துறையில் குளிக்கும்போது தும்மினார். மேல் செட் ஆற்றோடு போயிற்று. பதினோராம் நாள் சீவலப்பேரியில் மீன் வலையில் அது சிக்கியது. வலைக்காரர் அதை மருந்துக்கடை மருந்துக்கடையாகக் காட்டிக்கொண்டு கடைசியில் இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். எண் 5,116. அன்று மாலையே தாசில்தார் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி மாட்டிக்கொண்டு காப்பி குடித்தார். அந்தக் கதையைத் தேவசிகாமணி யாரிடமும் தானாகச் சொல்லமாட்டார். யாராவது கேட்டால் தேதியோடு சொல்வார்.

1995 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்குப் பட்டறைக்கு ஒருவர் வந்தார். பெயர் கோபாலசுப்பிரமணியன், வயது அறுபத்தாறு. ராணுவத்தில் குதிரைகளுக்கு மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவர். ஏரல் பக்கம் ஆற்றங்கரையில் வாழைத்தோட்டம். அவர் வாயில் இருந்தது எண் 10,118. தேவசிகாமணி முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டுகொண்டார். செட் உறுத்துகிறதோ என்று கேட்டார்.

“செட்டுல ஒரு குறையும் இல்ல. நாலு வருஷத்துல ஒரு நாள் புண்ணு வந்ததில்ல. அதனாலதான் உங்களத் தேடி வந்தேன்” என்றார் வந்தவர். “எங்காத்துக் குதிரைக்கு ஒண்ணு பண்ணித் தரணும்.”

“குதிரைக்குப் பல் செட்டா சார்?”

“பல்லு அவளுக்கு முப்பத்தாறும் இருக்கு. கடிவாளம்தான் சேரல.”

குதிரையின் பெயர் மைனா. சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை, ஏழு வயது. பந்தய வண்டியில் ஓடிக்கொண்டிருந்ததை இரண்டு வருடம் முன்பு வாங்கியிருந்தார்கள். வண்டிக்காரர்கள் அதன் வாயில் முறுக்குக் கம்பியைப் போட்டு இழுத்து ஓட்டியதில் நாக்கின் இடது பக்கம் அறுந்து, ஆறி, தழும்பு மேடாக நின்றது. இப்போது அதில் ஏறுகிறவள் கோபாலசுப்பிரமணியன் டாக்டரின் மகள் மஹாலக்ஷ்மி. கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர். ராணுவக் குடியிருப்புகளில் வளர்ந்து, பள்ளிக்கூட நாளிலேயே குதிரையேற்றம் பழகியவள். பிப்ரவரி 10-ஆம் தேதி பாளையங்கோட்டையில் தென்மாவட்டக் குதிரையேற்றப் போட்டி நடக்க இருந்தது. அதில் ட்ரெஸ்ஸேஜ் என்ற பிரிவு. ஓட்டப் பந்தயமும் இல்லை, தாண்டலும் இல்லை. அளந்து கட்டிய மைதானத்துக்குள் குதிரை நடந்து, ஓடி, வட்டம் போட்டு, சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். ஏறியிருப்பவர் கையாலும் காலாலும் சொல்வது பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது. குதிரைக்கு மட்டும் தெரிய வேண்டும். வாயில் வலி உள்ள குதிரை அதை எப்படிக் கேட்கும்? கடையில் வாங்கிய எந்தக் கடிவாளத்தைப் போட்டாலும் மைனா தலையை வானத்துக்குத் தூக்கிற்று.

தோல் சுற்றிய கம்பியைப் போட்டால் பசுவாக நின்றதாம். ஆனால் சுற்றிக் கட்டியது எதுவும் போட்டியில் கூடாது. எது கூடும், எது கூடாது என்று அச்சிட்ட விதிகளே இருந்தன.

தேவசிகாமணி முதலில் கேட்டது அந்த விதிகளைத்தான். மறுநாள் மஹாலக்ஷ்மி ஆங்கிலப் பிரதியோடு வந்து உட்கார்ந்தாள். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, அவர் ஒரு தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் ‘கூடும்’ என்றும் வலப்பக்கம் ‘கூடாது’ என்றும் தலைப்பிட்டு எழுதிக்கொண்டார். நேர்க்கம்பி கூடும். நடுவில் ஒரு மூட்டு வைத்த கம்பி கூடும். இரண்டு மூட்டு வைத்து இடையில் ஒரு துண்டு இருந்தாலும் கூடும், ஆனால் அந்தத் துண்டு உருண்டிருக்க வேண்டும். தகடாகத் தட்டையாக இருந்தால் கூடாது. வார் கோக்கும் வளையத்துக்குப் பக்கத்தில் கம்பியின் பருமன் பத்து மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. முறுக்கியது, கூரானது, நெம்புகோல் வைத்துத் தாடையை இறுக்குவது எதுவும் இந்தப் பிரிவில் கூடாது. மேற்பரப்பு முழுவதும் வழுவழுப்பாக இருக்க வேண்டும். கடைசி வரிக்கு வந்தபோது அவர் லேசாகச் சிரித்ததாக மஹாலக்ஷ்மி பிறகு சொன்னாள். வழுவழுப்பைப் பற்றி அவருக்கா சொல்ல வேண்டும்?

நவம்பர் 18, சனிக்கிழமை ஏரலுக்குப் போய் வாயைப் பார்த்தார். மனிதர்களுக்கு அச்செடுக்கும் இளஞ்சிவப்பு மெழுகுத் தகட்டை வெந்நீரில் முக்கி, கருப்பட்டிப் பாகு தடவி, டாக்டர் தலையைப் பிடித்துக்கொள்ள, மைனாவின் பல்லில்லாத கடைவாய் இடைவெளியில் வைத்தார். மைனா அதைத் தின்றுவிட்டது. நாளைக் காலையில் வந்துவிடும் என்றார் டாக்டர், சர்வ சாதாரணமாக. ‘தகடு 1: உண்ணப்பட்டது’ என்று எழுதிக்கொண்டு அடுத்ததை எடுத்தார் தேவசிகாமணி. நான்காவது தகட்டில் அச்சு விழுந்தது. வாயின் ஓரத்துக்கு ஓரம் 112 மில்லிமீட்டர். நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் வலப்பக்கம் 14, தழும்பு மேட்டின் மீது 9.

காரணம் அந்த ஒன்பதில் இருந்தது. ஒரு மூட்டுக் கம்பியை இழுத்தால் நடு மூட்டு கூரையாக நிமிர்ந்து அண்ணத்தில் குத்துகிறது. நேர்க்கம்பி போட்டால் மேட்டின் மீதே அழுந்துகிறது. ஆக, இரண்டு மூட்டு. நடுவில் நாக்கின் மீது படுத்துக்கொள்ளும்படி ஒரு சிறு துண்டு. அதை மெழுகில் செதுக்கிக் காட்டியபோது டாக்டர் பார்த்துவிட்டு, புளியங்கொட்டை மாதிரி இருக்கிறதே என்றார். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

பக்கக் கம்பிகளையும் வளையங்களையும் கடைந்து தந்தவர் தச்சநல்லூரில் லேத் வைத்திருந்த அம்மையப்பன். இருபது வருடப் பழக்கம். பட்டறை மெஷின்களுக்கு வேண்டிய உருப்படியெல்லாம் அவர் கடைந்ததுதான். வரைபடத்தைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்தது.

“அண்ணாச்சி, பன்னெண்டு மில்லின்னு போட்டிருக்கிய. வாயிலயோ எடமில்லங்கிய. குச்சி மாதிரி மெலிசாக் கடைஞ்சு தாரேன், குதிரைக்கு இருக்கதே தெரியாது.”

“மெலிசுதான் வே அறுக்கும். வெண்ணெய நூலு அறுக்கும், கயிறு அறுக்குமா?”

“அப்பம் உலக்கையப் போட்டுருவோமா?”

“போட்டா வாய மூட முடியாது. இதுன்னா நாக்கு அமுங்கி எடங்குடுக்கும். பன்னெண்டுலருந்து பைய இறங்கி நடுவுல பதினொண்ணு. அதுக்குக் கீழ போகாதேயும்.”

அம்மையப்பன் கடைந்தார். புளியங்கொட்டையைத் தேவசிகாமணி பல் சட்டங்களுக்கு வார்க்கும் கடின உலோகத்திலேயே வார்த்தார். குதிரை மிரண்டு இழுத்தால் வாய்க்குள் உடைந்துவிடக்கூடாது என்பதால், லேத் கூரையின் இரும்புச் சட்டத்தில் கடிவாளத்தைத் தொங்கவிட்டுச் சிமெண்ட் மூட்டைகளைக் கட்டிப் பார்த்தார்கள். நான்காவது மூட்டையில் கொட்டை வெடித்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழி. மூட்டைகள் தரையில் விழுந்து ஒன்று கிழிந்தது. குதிரைக்கு வைத்தியம் பார்க்கப் போய்த் தன் லேத்துக்குப் பவுடர் பூசியதுதான் மிச்சம் என்று அம்மையப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது கொட்டை ஆறு மூட்டையை ஒரு பகலும் ஓர் இரவும் தாங்கிற்று.

வீட்டில் தேவசிகாமணியின் மனைவி பாக்கியவதி, பள்ளிக்கூடத் தையல் ஆசிரியை, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில் மனுஷ வாய் தீர்ந்துபோய்விட்டதா என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அவர் கொட்டையைக் கண்ணாடி போல் பளபளக்கத் தேய்த்து முடித்து, அண்ணத்தைப் பார்க்கும் மேற்பக்கத்தில், தழும்பு இருக்கும் நாக்கில் படாதபடி, மிகச் சிறியதாக 11,842 என்று பொறித்து, பதிவேட்டில் எழுதினார். பெயர்: மைனா. டாக்டர்: கோபாலசுப்பிரமணியன். மேல் வரிசை, கீழ் வரிசை என்ற இடத்தில் ஒரு கோடு.

1996 ஜனவரி 6, சனிக்கிழமை அதை மாட்டினார்கள். மைனா இரண்டு மூன்று முறை மென்று பார்த்தது. வாயோரத்தில் வெள்ளை நுரை கட்டிற்று. மஹாலக்ஷ்மி ஏறி வாழைத்தோட்டத்தை ஒட்டிய மணல்வெளியில் இரண்டு வட்டம் போனாள். மூன்றாவது வட்டத்தில் அந்தக் கழுத்து மெல்ல வளைந்து, தலை தானாக இறங்கியது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இறங்கி வந்த மஹாலக்ஷ்மி, இரண்டு வருடத்தில் இன்றைக்குத்தான் இவள் நான் சொல்வதைக் கேட்கிறாள் என்று அப்பாவிடம் சொல்லாமல் தேவசிகாமணியிடம் சொன்னாள்.

அன்று ஏரலிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். கால் வலித்ததாக நினைவில்லை.

வருமுன் மஹாலக்ஷ்மியிடம் ஒரு நோட்டைக் கொடுத்திருந்தார். தினமும் எழுத வேண்டும்: எத்தனை நிமிடம், தலை எப்படி, நுரை உண்டா, நாக்கு என்ன செய்தது. அவள் கணக்குக்காரி, ஒரு நாளும் விடவில்லை. வாரம் ஒரு முறை அவர் போய் அதை வாசித்துத் தன் பதிவேட்டில் நகல் எடுத்துக்கொண்டார். தலை இறங்கியே இருந்தது. ‘நாக்கை மேலே தூக்கி உரசினாள்’ என்ற வரி மட்டும் அடிக்கடி வந்தது. புதுச் செட் போட்ட மனிதர்களும் ஒரு மாதம் நாக்கால் அதைத் துழாவிக்கொண்டுதான் இருப்பார்கள். பழகிவிடும் என்று அவர் அந்த வரியைத் தாண்டிப் போனார்.

பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு மைதானத்தில் கடிவாளப் பரிசோதனை. டாக்டரோடும் மஹாலக்ஷ்மியோடும் தேவசிகாமணியும் போயிருந்தார். மறுநாள் சவாரி முடிந்த பிறகும் ஒரு முறை பார்ப்பார்கள். அப்போது விதிக்கு மாறாக ஏதேனும் கண்டால் வாங்கிய மதிப்பெண் அத்தனையும் போய்விடும். ஆகவே சந்தேகமுள்ளவர்கள் முன்தினமே காட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. பரிசோதிப்பவர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். காக்கிக் கால்சட்டை, வெள்ளைக் கையுறை. வளையத்தின் ஓரத்தில் பருமனை அளந்தார். தேவசிகாமணி பன்னிரண்டு என்று மனத்துக்குள் சொன்னார்; அந்த அம்மாள் பன்னிரண்டு என்று வாய்விட்டுச் சொன்னார். மூட்டுகளை மடக்கிப் பார்த்தார். நடுத்துண்டை விதிப்புத்தகத்துப் படத்தோடு ஒப்பிட்டுத் தலையசைத்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் அதைத் தடவினார். விரல் நின்றது.

“எல்லாம் சரியா இருக்குதுங்க. இங்க மட்டும் என்னமோ தட்டுப்படுது.”

“அது நம்பர்ம்மா” என்றார் தேவசிகாமணி. “நான் செய்யுத எல்லாத்துலயும் நம்பர் உண்டு. ஆழம் கால் மில்லிகூட இல்ல. அது பாட்டுக்குக் கெடக்கும், ஒண்ணும் செய்யாது.”

“மேற்பரப்பு முழுசும் வழுவழுப்பா இருக்கணும்னு இருக்குதுங்களே.”

“இதைவிட வழுவழுப்பா நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டிய.”

அந்த அம்மாளுக்குக் கோபம் வரவில்லை. கடிவாளத்தை அவரிடமே நீட்டினார்.

“உங்க நாக்குல வச்சுப் பாருங்க.”

சுற்றிலும் குதிரைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். தேவசிகாமணி குழாயடிக்குப் போய்க் கடிவாளத்தைக் கழுவினார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். ஐம்பத்தெட்டு வயதில், ஊர் பார்க்க, குதிரைக் கடிவாளத்தை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

பல்லிடுக்கில் ஒரு மயிர் சிக்கினாலும் நாக்கு அதை வடக்கயிறாகச் சொல்லும் என்று முப்பது வருடமாக டாக்டர்களுக்கு எடுத்துச் சொல்லி வந்தவர் அவர். அந்த நாக்கு இப்போது ஒன்றைத் தொட்டது, பக்கத்தில் இன்னொரு ஒன்று, பிறகு எட்டு. எட்டின் இரண்டு குழிகளையும் தனித்தனியாகத் தொட்டது. நாலில் ஒரு முனை குத்திற்று. மனிதர்களின் செட்டில் எண்ணை அவர் வெளி ஓரத்தில், கன்னத்தின் பக்கம் போடுவார்; நாக்கு அங்கே போகாது. கடிவாளத்தில் நாக்கு போகாத இடம் என்று ஒன்று கிடையாது. மேற்பக்கத்தில் போட்டால் என்ன, மைனா நாக்கைத் தூக்கி அங்கேதான் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. மஹாலக்ஷ்மி அதை எழுதியிருந்தாள். அவரே நகல் எடுத்திருந்தார். முப்பத்துநாலு நாளில் பதின்மூன்று நாள்.

வாயிலிருந்து எடுத்தார்.

“நீங்க சொல்லுதது சரிம்மா. தப்பு என்னுது.”

நாளைக் காலை எட்டு மணிக்குள் விதிப்படி ஒன்றைக் காட்டினால் குதிரை இறங்கலாம் என்றார் அம்மாள். வேண்டுமானால் தங்களிடம் ஒரு மூட்டுக் கடிவாளம் இருக்கிறது, அளவும் ஏறக்குறையப் பொருந்தும், இரவல் தருகிறோம் என்றார். டாக்டர் அதை வாங்கிக் கையில் வைத்துப் புரட்டினார். அவர் மனம் இறங்கிவிட்டது முகத்தில் தெரிந்தது. நாலரை நிமிஷம்தானே, எப்படியாவது சமாளித்துக்கொள் என்று மகளிடம் சொன்னார்.

“இதப் போடுறதா இருந்தா நான் ஏறல அப்பா” என்றாள் மஹாலக்ஷ்மி. “அவ இப்பத்தான் தலைய இறக்கியிருக்கா.”

தேவசிகாமணி அந்த இரவல் கடிவாளத்தைப் பார்த்தார். அது மைனாவின் அண்ணத்தில் எந்த இடத்தில் குத்தும் என்று மெழுகு அச்சைப் பார்க்காமலே அவரால் சொல்ல முடியும். தன் பிழையால் அந்தக் குதிரை நாளை போட்டிக்கு வராமல் நிற்கப் போகிறது. அல்லது வலியோடு வரப் போகிறது.

“காலைல ஏழரைக்கு நான் இங்கன நிப்பேன்” என்றார்.

எண்ணை மட்டும் தேய்த்தால் அந்த இடத்தில் பள்ளம் விழும். பள்ளத்தையும் நாக்கு கண்டுபிடிக்கும். கொட்டை முழுவதையும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகக் குறைத்து, மறுபடி மெருகேற்ற வேண்டும். உலோகமோ அரத்துக்கு அசையாதது. நாலு ஐம்பதுக்குப் பட்டறைக்கு வந்து மெஷினைப் போட்டார். ஐந்து பத்துக்குக் கரண்ட் போனது. தெருவில் விசாரித்ததில் எங்கேயோ கம்பி அறுந்துவிட்டது, எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை என்றார்கள்.

பட்டறை மூலையில் அவர் 1964-இல் தொழில் தொடங்கிய காலால் மிதிக்கும் கடைசல் மெஷின் இருந்தது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுப் பெல்ட்டை மாட்டினார். இரண்டு கையாலும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சீராக மிதிக்க அவர் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மிதி தடுமாறினால் வட்டம் தடுமாறும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பாக்கியவதி வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்த்தாள். பையை வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தள்ளுங்க. முப்பது வருசமா மிதிச்ச காலு இது.”

மிதித்தாள். தையல் மெஷின் போல ஒரே சீராகச் சக்கரம் ஓடிற்று. ஜன்னலோரத்தில் மாலை வெளிச்சம் இருக்கும்வரை அதிலும், பிறகு இரண்டு பெட்ரோமாக்ஸிலும் வேலை நடந்தது. நாலு முறை தேய்ப்பு, ஒரு முறை அளவு. அகலம் 13.4 மில்லி இருந்த கொட்டை 13.3 ஆயிற்று, எண்ணின் நிழல் இன்னும் தெரிந்தது. 13.1-இல் ஒன்றுகள் போயின. 13.0-இல் எட்டும் போயிற்று. எதற்காக இந்த அவசரம் என்று பாக்கியவதி கேட்டபோது மைதானத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், நாக்கில் வைத்துப் பார்த்ததையும் சேர்த்து. அவள் மிதியை நிறுத்தாமல் சிரித்தாள்.

“அப்பம் குதிரதான் உங்க நம்பர மொதல்ல வாசிச்சிருக்கு.”

“வாசிச்சு, பதிமூணு நா சொல்லியும் இருக்கு. எனக்குத்தான் எழுதத் தெரிஞ்ச அளவுக்கு வாசிக்கத் தெரியல.”

இரவு ஏழே முக்காலுக்குப் பியூமிஸ் என்ற கல்பொடியும் மெருகுத் துணியும் போட்டு மெருகு முடிந்தது. உப்புத் தண்ணீரில் கழுவி நாக்கில் வைத்துப் பார்த்தார். தன் நாக்கை இன்று நம்ப முடியாது என்று கடிவாளத்தை அவளிடம் நீட்டினார். குதிரை வாயில் கிடந்ததை நான் வைத்துப் பார்க்கணுமா என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு மறுபடி ஒரு முறை தானே கழுவி, வாங்கி வைத்தாள்.

“சப்பிக் கரைஞ்ச மிட்டாய் மாதிரி இருக்கு” என்றாள்.

பதிவேட்டை எடுத்து 11,842-க்கு எதிரே, ‘உருப்படியில் எண் இல்லை. நீக்கியது நானே. 9.2.96’ என்று எழுதினார். மை காயும்வரை மூடாமல் வைத்திருந்தார். இன்னொரு முறை துணியால் கொட்டையைத் துடைத்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதில் பெட்ரோமாக்ஸ் விளக்குதான் தெரிந்தது. முப்பத்தோரு வருடத்தில் இதைவிட நல்ல மெருகு தன் கையில் வந்ததில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் ஏழு இருபத்தைந்துக்கு மைதானத்தில் இருந்தார். கோயம்புத்தூர் அம்மாள் வெறும் விரலால் ஒரு முறை தடவினார். நம்பாதது போல இன்னொரு முறை தடவினார். தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நேற்றைக்கு இதில் குறை சொன்னேன், இன்றைக்குச் சொல்லத் தேடினாலும் கிடைக்கவில்லை என்றார்.

ஒன்பது குதிரைகள். மைனா ஆறாவதாக, ஒன்பது ஐம்பதுக்கு இறங்கியது. மற்ற குதிரைகளெல்லாம் அதைவிட ஒரு சாண் உயரம். வேலிக் கயிற்றுக்கு வெளியே டாக்டரும், தச்சநல்லூரிலிருந்து லேத்தைப் பூட்டிவிட்டு வந்திருந்த அம்மையப்பனும், பாக்கியவதியும் நின்றார்கள். வட்டம் சரியா, நடை சரியா என்பது தேவசிகாமணிக்குத் தெரியாது. அவர் வாயை மட்டும் பார்த்தார். உதடு மூடியிருந்தது. நாக்கு உள்ளே இருந்தது. வெள்ளை நுரை இரு பக்கமும் சமமாகக் கட்டியிருந்தது. மஹாலக்ஷ்மியின் கை அசைவதாகவே தெரியவில்லை. மைனாவின் காது மட்டும் பின்னால் திரும்பித் திரும்பி அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது. நடு மைதானத்தில் வந்து நான்கு கால்களையும் சதுரமாக ஊன்றி நின்றது. மஹாலக்ஷ்மி தலை தாழ்த்தி வணங்கினாள். அந்த முழு நேரமும் அது நாக்கை ஒரு முறைகூடத் தூக்கவில்லை.

“அண்ணாச்சி, மூச்ச விடுங்க” என்றார் அம்மையப்பன்.

வாயிலில் அம்மாள் காத்திருந்தார். புதுக் கையுறை மாட்டிக்கொண்டு மைனாவின் வாயோரத்தில் விரலைவிட்டுப் பார்த்து, வெளியே எடுத்துக் காட்டினார். நுரை, வேறொன்றும் இல்லை. கையுறையில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. அனுமதி என்று எழுதினார். முந்நூற்று நாற்பதுக்கு இருநூற்றுப் பதினான்கு மதிப்பெண், நூற்றுக்கு 62.94. மூன்றாம் இடம். ஒலிபெருக்கியில் குதிரையின் பெயரையும் மஹாலக்ஷ்மியின் பெயரையும் சொன்னார்கள். டாக்டர் வந்து தேவசிகாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பேச முயன்றபோது அவர் வாயிலிருந்த 10,118 லேசாக நழுவியது. அதற்காகத் திங்கட்கிழமை பட்டறைக்கு வரச் சொன்னார் தேவசிகாமணி.

மதியம் வெயில் ஏறும்போது, மதுரையிலிருந்து வந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் மைனா யாருடையது என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அவர் குதிரை அன்று ஏழாவதாக வந்திருந்தது. பாதி நேரம் வாயைத் திறந்துகொண்டே ஓடியது. மைனாவின் கடிவாளத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் கம்பெனி என்று தேடினார். எங்கும் ஒன்றும் எழுதியில்லை. கடைசியில் டாக்டர் கைகாட்ட, தேவசிகாமணி பக்கம் திரும்பி, இதே மாதிரி ஒன்று தனக்கும் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

“இதே மாதிரி செய்ய முடியாது” என்றார் தேவசிகாமணி. “இது அவ வாய். உங்க குதிரைய எங்கன கட்டியிருக்கிய?”

வேப்பமரத்தடியைக் காட்டினார் போலீஸ்காரர். தேவசிகாமணி சட்டைப் பையில் அளவுகோல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, பாக்கியவதியைக் கொஞ்சம் நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, அந்த மரத்தைப் பார்த்து நடந்தார்.